ஏற்காட்டுல வருஷம் முழுக்க என்னதான் பண்ணுவீங்க?

"சொந்த ஊர் ஏற்காடு" என்று சொன்னால் ரெண்டே ரெண்டு விதமான பதில்தான் வரும். ஒன்று, "வாவ்! குடுத்து வச்சவ!" இன்னொன்று, "அங்க ஒரு போட்டிங், ஒரு லேடீஸ் சீட், அவ்ளோதானே? வருஷம் முழுக்க அங்க உக்காந்து என்ன பண்ணுவீங்க?" முதல் பதிலைச் சொல்கிறவர்கள் இன்னும் வராதவர்கள். ரெண்டாவதைச் சொல்கிறவர்கள் ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போனவர்கள் :-)

என் ஹாஸ்டல் தோழிகளுக்கும், முகம் தெரியாத உங்களுக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும். டீ எடுத்துக்கொண்டு வாருங்கள். ஏற்காட்டுக் கதைக்கு காப்பியாக இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் ஜாக்ரஃபி. ஏற்காடு சேர்வராயன் மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். 20 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்பும்போதே ஜன்னல் வழியாகப் பாருங்கள், மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவாயில் வளைவு தெரியும். 1950-ல் வந்த மந்திரி குமாரி உட்பட எத்தனையோ படம் எடுத்த ஸ்டூடியோ அது. இன்று அந்த வளைவுதான் மிச்சம். ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏற்காடு என்று பேர் வந்தது என்பார்கள். ஏரி ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. அதைச் சுற்றித்தான் போட் ஹவுஸ், அண்ணா பூங்கா, மான் பூங்கா, கடைகள் எல்லாம். அந்தக் கடைகளில் ஒன்று எங்க அப்பாவுடையது. மிளகாய் பஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி, டீ. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

சரி, மாசக் கணக்குக்கு வருவோம்.

ஜனவரி, பிப்ரவரி

எங்க ஊரின் நிஜமான சீசன் இதுதான். டூரிஸ்ட் சீசன் இல்லைங்க, காப்பி சீசன். நவம்பரில் ஆரம்பிக்கும் காப்பிப் பழப் பறிப்பு ஜனவரி வரை ஓடும். ஒரே செடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். சிவப்பை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். அதனால் அதே செடிக்கு மூன்று நான்கு தடவை போக வேண்டியிருக்கும். பறித்த பழத்தை அன்றைக்கே தோல் நீக்கி, ஊற வைத்து வழவழப்பு போகக் கழுவி, களத்தில் காய வைப்பார்கள். சுமார் ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ காப்பிக் கொட்டை தேறினால் உண்டு. டிகாக்‌ஷன் தண்ணியாக இருக்கிறது என்று மெஸ்ஸில் சண்டை போடும்போது இந்தக் கணக்கு எனக்கு ஞாபகம் வரும்.

காப்பி முடிகிற கையோடு மிளகு. நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். மரத்தில் ஏணியைச் சாய்த்து ஏறிப் பறிப்பார்கள். கீழே நின்று பார்ப்பவருக்குத்தான் பயமாக இருக்கும்.

நீங்கள் என்ன பண்ணலாம்? காலையில் பனி விலகுவதற்கு முன்னாடி எழுந்து எஸ்டேட் ரோட்டில் நடங்கள். வீட்டு வாசல்களிலும் களங்களிலும் காப்பி காயும். உள்ளே போகும் முன் கேட்டுவிட்டுப் போங்கள், அது யாரோ ஒருவருடைய வருஷ வருமானம். ராத்திரி லேடீஸ் சீட்டுக்குப் போனால் கீழே சேலம் முழுசும் விளக்காகத் தெரியும். பகலில் வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் மேட்டூர் அணைத் தண்ணீர் மின்னும். (ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்றும் இருக்கிறது. சண்டை வேண்டாம்.)

மார்ச், ஏப்ரல்

இது யாருக்கும் தெரியாத ரகசியம். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்ய வேண்டும். பூ மழை. அந்த மழைக்காகத்தான் காப்பி மொட்டு காத்திருக்கும். பெய்து ஒன்பது பத்து நாளில் ஒரு காலை எழுந்து பார்த்தால் மலையே வெள்ளையாக இருக்கும். மல்லிகை மாதிரி வாசனை. தேனீ சத்தம் காதை அடைக்கும். ரெண்டு மூன்று நாள்தான், அப்புறம் பழுப்பாகி உதிர்ந்துவிடும்.

இதற்குத் தேதி சொல்ல முடியாது. டிக்கெட் போட முடியாது. மழையைக் கேட்டுத்தான் வர வேண்டும். என் தோழி ஒருத்திக்கு போன வருஷம் மழை பெய்த அன்றே போன் போட்டு, "அடுத்த வாரக் கடைசியில வாடி" என்றேன். வந்தாள். பூக்களுக்கு நடுவில் பத்து நிமிஷம் வாய் பேசாமல் நின்றாள். அவளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று :-)

அந்தப் பூதான் எட்டு ஒன்பது மாசம் கழித்துப் பழமாகும். பூ மழை தவறினால் அந்த வருஷப் பறிப்பும் போச்சு. பூ விட்ட பிறகு சில வாரத்தில் இன்னொரு மழையும் வேண்டும், இல்லையென்றால் பிஞ்சு நிற்காது. ஒரு வருஷ வாழ்க்கை ரெண்டு மழையில் தொங்குகிறது. ஐ.டி. கம்பெனி அப்ரைசலெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மே

உங்க எல்லாருக்கும் தெரிந்த ஏற்காடு. கோடை விழா, அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி, படகுப் போட்டி. டிராஃபிக்கில் 20 வளைவும் 200 வளைவாகத் தெரியும். போட்டுக்கு வரிசையில் நிற்கும் நேரம் போட்டில் இருக்கும் நேரத்தைவிட அதிகம். எங்க கடையில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எட்டு கிலோ கடலை மாவு தீரும். நான், தம்பி, அம்மா, சித்தி எல்லாரும் கடையில்தான். மே மாதத்தில் எங்களுக்கு லீவு என்பதே கிடையாது. உங்க லீவுதான் எங்க வேலை.

மேயில் வந்தே தீர வேண்டும் என்றால் ஒன்று சொல்கிறேன். சேர்வராயன் கோயிலுக்குப் போங்கள். மலை உச்சியில், 5000 அடிக்கு மேலே, ஒரு சின்னக் குகைக் கோயில். தலை குனிந்துதான் உள்ளே போக முடியும். சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மே மாதத்தில் அங்கே திருவிழா. சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்தெல்லாம் ஜனம் வரும்.

அந்தக் கிராமங்களில் இருப்பவர்கள் மலையாளி இன மக்கள். உடனே "ஓ, கேரளாவா?" என்று கேட்காதீர்கள். மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ். பட்டியல் பழங்குடியினர். எங்க தொகுதியும் பழங்குடியினருக்கான தனித் தொகுதி. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்கள், பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கிவிட்டார்கள் என்று ஒரு வழிவழிக் கதை இருக்கிறது. பூங்காவில் வாடாமல்லியைப் பார்ப்பதற்கு எடுத்துக்கொள்கிற நேரத்தில் பாதி போதும், இந்தக் கோயிலுக்கு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை

ஸ்கூல் திறந்ததும் சுவிட்சை அணைத்த மாதிரி ஊர் காலியாகும். சாரல், மூடுபனி. எனக்குப் பிடித்த மாசங்கள்.

பலாப்பழம் ஜூலை வரைக்கும் கிடைக்கும். அப்புறம் பேரிக்காய். அதோடு பட்டர் ஃப்ரூட். நகரத்தில் இதையே அவகாடோ என்று பேர் மாற்றி விற்கிறார்கள். எங்க வீட்டில் சர்க்கரையும் பாலும் போட்டுக் கரண்டியால் அடித்துக் குடிப்போம், அவ்வளவுதான்.

மழை நன்றாகப் பிடித்துவிட்டால் கிளியூர் அருவி. ஏரி நிரம்பி வழியும் தண்ணீரும் அதில்தான் போய் விழுகிறது. சுமார் 300 அடி. மேயில் வந்துவிட்டு "அருவில தண்ணியே இல்ல, ஏமாத்திட்டாங்க" என்பவர்களுக்கு நான் என்ன சொல்ல? இறங்குவது சுலபம், ஏறும்போது மூச்சு வாங்கும். பாறை வழுக்கும். மழை பலமாக இருக்கிற அன்று போகாதீர்கள், உள்ளூர்க்காரர்கள் வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள்.

படிப்பாளிகளுக்கு ஒன்று. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இங்கே இருக்கிறது. பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியும் அங்கே உண்டு. எங்க மலையின் பேரையே வைத்துக்கொண்ட ஒரு மரமும் இருக்கிறது, வெர்னோனியா சேர்வராயென்சிஸ். அழியும் நிலையில் இருக்கும் மரம். பாட்டனி படிக்கும் என் வகுப்புத் தோழர்கள் இதைப் பார்க்காமல் ஊட்டிக்கு டூர் போனார்கள் என்பதை வரலாறு மன்னிக்காது.

இதே மாசங்களில்தான் எங்க கடையில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு அரைக் கிலோ மாவு போதும். அதிலும் மிச்சம் நாங்கள் சாப்பிடுவோம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை

வடகிழக்கு மழை. பகோடா பாயிண்ட்டில் நின்றால் மேகம் காலுக்குக் கீழே ஓடும். நவம்பரில் காப்பி சிவக்க ஆரம்பிக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர். அவர் நட்டது இன்னும் எங்க வீட்டுச் சோற்றில் இருக்கிறது.

இந்த மாசங்களில் வருகிறவர்கள் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு வரவும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. மலை ஊருக்கு ரோடுதான் உயிர். அது துண்டித்தால் பால் பாக்கெட்டிலிருந்து எல்லாம் நிற்கும். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன்

மேலே இருப்பது லிஸ்ட். இதை எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது.

எங்க பெரியப்பா திருப்பூரில் இருக்கிறார். பனியன் கம்பெனி. தீபாவளிக்கு வந்தபோது அப்பாவிடம், "வர்ற ஜூன்ல கடைய யாருக்காச்சும் விட்டுட்டு குடும்பத்தோட இறங்கி வந்துடு தம்பி. மாசம் பொறந்தா சம்பளம். இங்க ரெண்டு மாசம் சம்பாதிச்சு பத்து மாசம் சாப்பிடறது ஒரு பொழப்பா?" என்றார்.

தப்பாகச் சொல்லவில்லை. 2020-லும் 2021-லும் கொரோனாவால் கோடை விழாவே நடக்கவில்லை. ரெண்டு மே மாசம் கடை மூடியே கிடந்தது. தாத்தா விட்டுப்போன முக்கால் ஏக்கர் காப்பியும் மிளகும், அம்மா எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கப் போன கூலியும்தான் எங்களைக் கரையேற்றியது. அந்த நாளிலிருந்து அப்பாவுக்கு மே மாசத்தின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. தம்பி ப்ளஸ் டூ முடிக்கப் போகிறான், அவன் ஃபீஸ் வேறு.

பெரியப்பா போன பிறகு நான் கேட்டேன், "போயிடலாமாப்பா?"

அப்பா கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மே மாசம் வர்ற கூட்டத்துல பாதி பேரு ஆகஸ்ட்ல வந்தா போதும் கண்ணு. நான் ஏன் எறங்கணும்?"

அம்மா அந்தப் பக்கமிருந்து, "ஆகஸ்ட்ல இங்க என்ன இருக்குன்னு அவங்களுக்கு யாரு சொன்னா?" என்றார்.

அம்மா கேட்ட கேள்விதான் என் தலையில் நின்றது. நிஜம்தானே? பஸ் ஸ்டாண்டில் உள்ள போர்டில் பாயிண்ட் பாயிண்ட்டாக இடங்களின் பேர் இருக்கிறது. எந்த மாசம் எதைப் பார்க்கலாம் என்று இல்லை. எங்க ஊரை இடங்களாக மட்டும் பார்த்தால் அரை நாளில் முடிந்துவிடும். காலமாகப் பார்த்தால் முடிய ஒரு வருஷம் ஆகும்.

இன்னும் கூட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கூட்டம் தாங்காமல் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் கொண்டுவந்தார்கள். எங்களுடையது அதைவிடச் சின்ன ஊர். மே மாசம் குடிதண்ணீர், குப்பை, பார்க்கிங் மூன்றும் மூச்சு முட்டும். ஜூலையில் அதே ஊரில் லாட்ஜ் வாசலில் நாய் தூங்கும். இதே கூட்டம் பன்னிரண்டு மாசத்துக்கும் பிரிந்து வந்தால் ஏரிக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.

இன்னொன்று. வருமானம் நிற்காத இடத்தில் நிலமும் நிற்காது. சின்னக் காப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் காட்டேஜ் ஆகின்றன. விற்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பொண்ணு கல்யாணம், ஆஸ்பத்திரி செலவு என்று ஆயிரம் இருக்கும். ஆனால் எல்லாத் தோட்டமும் காட்டேஜ் ஆகிவிட்டால் மார்ச் மாசம் எது பூக்கும்? மழை பெய்யும், கான்கிரீட் நனையும், அவ்வளவுதான்.

நான் என்ன செய்யப் போகிறேன்? முடிவு அப்பாவுடையது. ஜூனுக்குள் சொல்ல வேண்டும். என்னால் ஆனது ஒன்று செய்திருக்கிறேன். மேலே இருக்கும் மாசக் கணக்கை ஒரு பெரிய அட்டையில் கலர் கலராக எழுதி, பொங்கல் லீவில் கடைக்கு முன்னால் தொங்கவிட்டேன். தலைப்பு: "அடுத்த தடவை எப்போ வர்றீங்க?" பஜ்ஜி வேகும் வரைக்கும் எல்லாரும் அதைத்தான் படிக்கிறார்களாம். போட்டோ வேறு எடுக்கிறார்களாம். மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அப்பாவின் நம்பரை வாங்கிக்கொண்டு, "பூ மழை பெஞ்சா ஒரு போன் பண்ணுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பா இப்போது ஒரு நோட்டு போட்டு நம்பர் எழுதி வைக்கிறார். நேற்று வரைக்கும் பதினேழு பேர். திருப்பூர் சம்பளத்துக்கு பதினேழு நம்பர் ஈடாகாதுதான். ஆனால் பெரியப்பாவுக்கு அப்பா இன்னும் "சரி" சொல்லவில்லை.

கொசுறு, வருகிறவர்களுக்கு:

1. வாரநாளில் வாருங்கள். சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம்.

2. முடிந்தால் சேலத்திலிருந்து பஸ்ஸில் வாருங்கள். ஜன்னல் சீட், வாந்தி வருகிறவர்கள் முன் சீட்.

3. ஸ்வெட்டர் ஒன்று, குடை ஒன்று. எந்த மாசமானாலும்.

4. காட்டெருமை ரோட்டுக்கு வரும். செல்ஃபி எடுக்கப் போகாதீர்கள். அது உங்களுக்காக வரவில்லை.

5. பிளாஸ்டிக் பை, கப் எல்லாம் 2019-லிருந்து தமிழ்நாடு முழுக்கத் தடை. ஏரியில் போட்டால் அது கிளியூர் வரைக்கும் போகும்.

6. காப்பித்தூள், மிளகு, பட்டர் ஃப்ரூட் எல்லாம் உள்ளூர்க்காரர்களிடம் வாங்குங்கள். பேரம் பேசலாம், ரொம்பப் பேசாதீர்கள்.

ஆகஸ்ட்டில் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை ஏரிக்கரையில், நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு பஜ்ஜிக் கடை முன்னால் அட்டை தொங்கினால் அது எங்களுடையதுதான். பஜ்ஜிக்குக் காசு கொடுத்துவிடுங்கள். டீ என் கணக்கு.